ஜெர்மன் கப்பல் மாடல் செட் வாங்கினேன், பேசின்ல விட்டா சாயுது

129 மலேசிய வெள்ளி குடுத்து ஆன்லைன்ல வாங்கினது, கடை பேரு வேணாம். சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர எட்டு நாள் ஆச்சு, அதுலயும் கூரியர்காரன் தோட்டத்துக்குள்ள வரமாட்டேன்னு முச்சந்தி மளிகைக் கடையில போட்டுட்டுப் போயிட்டான், நான்தான் மழையில மோட்டார எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வந்தேன்.

கப்பல் பேரு இம்பெரேட்டர். ஹாம்பர்க்ல 1912 மே 23ல ஜெர்மன் சக்கரவர்த்தி கைசரே நின்னு தண்ணில இறக்கின கப்பல், டைட்டானிக் முழுகி அஞ்சாறு வாரம்தான் ஆகியிருந்துச்சு. 52,000 டன்னுக்கு மேல, பயணிகள் கப்பல்ல அன்னைக்கு அதுதான் உலகத்துலயே பெருசு. செட்டு ஒன்றரை அடி நீளம், பிளாஸ்டிக்ல பிசிறே இல்ல, லைஃப்போட் எல்லாம் தனித்தனியா ஒட்டணும், கண்ணு போயிடும்.

மூக்குல ஒரு கழுகு வருது. நிஜத்துல வெண்கலம், இங்கிலீஷ்காரன் கட்டிட்டிருந்த அக்விட்டானியா நீளத்துல முந்திடக்கூடாதுன்னு வச்சதாம், வீம்புக்கு வச்ச மூக்குத்தின்னு வச்சுக்கங்களேன். எனக்கு வந்ததுல ஒரு றெக்கை உடைஞ்சு இருந்துச்சு. கேட்டா பேக் பண்ணும்போது நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரே பதில். சரி போ, நிஜக் கழுகுக்கும் அட்லாண்டிக் புயல்ல றெக்கை பிஞ்சுதான் போச்சு, அப்படியே ஒட்டிட்டேன்.

இப்ப முக்கியமான விஷயம். எல்லாம் ஒட்டி முடிச்சு பெரிய பேசின்ல மிதக்க விட்டா இடது பக்கமா சரிஞ்சு புகைபோக்கி தண்ணியத் தொடுது. என் கைவேலைதான் சரியில்லன்னு ரெண்டு நாள் தூக்கம் வரல. அப்புறம்தான் தெரிஞ்சுது, நிஜக் கப்பலே அப்படித்தான் ஆடியிருக்கு, மேல அவ்ளோ பளுவு. 1913 ஜூன்ல முதல் பயணம் போச்சு, அந்த வருஷக் கடைசியிலயே திரும்ப யார்டுல ஏத்தி புகைபோக்கிய மூணு மீட்டர் குறைச்சு, பளிங்குக் குளியல் சாமான எல்லாம் கழட்டி, கனமான நாற்காலிய எடுத்துட்டு நம்ம வீட்டு ரோத்தான் நாற்காலி மாதிரி பிரம்புல போட்டு, அடியில 2,000 டன் சிமெண்ட் ஊத்தியிருக்கானுங்க! நானும் கொல்லையில மிச்சமிருந்த சிமெண்ட்டக் குழைச்சு ரெண்டு கரண்டி அடியில ஊத்தினேன், இப்ப நேரா நிக்குது. ஆனா மேல்தட்ட ஒட்டுறதுக்கு முன்னாடியே ஊத்திடுங்க, நான் கத்தி வச்சுப் பிரிச்சு ஒரு ஓரம் போச்சு. இத பெட்டியில ஒரு வரி போட்டா என்னவாம்?

கப்பலுக்கு ரெண்டு பேரு இருந்ததால பேரு ஸ்டிக்கர் ரெண்டு செட் குடுத்திருக்கான், அதுக்கே அரை மார்க் கூட. முதல் உலகச் சண்டை முழுக்க கப்பல் ஹாம்பர்க்லயே சும்மா கெடந்துச்சு, 1919ல அமெரிக்காக்காரன் சிப்பாய்ங்கள ஊருக்கு ஏத்திட்டுப் போனான், அப்புறம் சண்டையில ஜெர்மன்காரன் முழுக அடிச்ச லூசித்தானியா கப்பலுக்கு ஈடா இங்கிலீஷ்காரனோட குனார்டு கப்பல் கம்பெனி கைக்குப் போய் பெரெங்கேரியா ஆச்சு. 1938ல பழைய வயரிங்ல திரும்பத் திரும்ப தீ புடிச்சு ஒடைக்க வித்துட்டாங்க. நான் ஜெர்மன் பேருதான் ஒட்டினேன். அஞ்சுக்கு மூன்றரை.

மாமா வந்து பாத்துட்டு, ஜெர்மன்காரன் கப்பலா, அப்ப எம்டன்தான்டாங்கிறாரு. இல்ல மாமா, எம்டன் போர்க்கப்பல், 1914ல மெட்ராஸ்ல குண்டு போட்டுட்டு அடுத்த மாசம் பினாங்குக்கு வந்து ரஷ்யாக் கப்பல முழுக அடிச்சுச்சே அது, இது ஆள் ஏத்துற கப்பல், நீங்க வேறன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் எம்டன்னுதான் காட்டிட்டு இருக்காரு.