மகள் கையில் லிசெஸ்: மூன்று வருடத்துக்குப் பிறகு

2022 ஆகஸ்டில் சென்னையில் நாத்தனார் வீட்டில் இருந்தோம். மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்த நேரம். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்கள். எங்கே திரும்பினாலும் வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' கும்பிட்டபடி நின்றது. ஏழு வயது மகளுக்கு முதலில் பிடித்தது அந்தக் குதிரைதான், செஸ் அப்புறம். மதுரைக்குத் திரும்பியதும் ஒரு போர்டு வாங்கினோம். அவள் அப்பாவுக்குக் காய் நகர்த்த மட்டும் தெரியும், எனக்கு அதுவும் தெரியாது. அதனால்தான் போனைக் கொடுத்தோம்.

முதலில் இறக்கிய செயலியின் பெயர் வேண்டாம். ஆட்டத்துக்கு ஆட்டம் விளம்பரம். அதையாவது பொறுத்திருப்பேன். ஒருநாள் சாட்டில் எவரோ "எந்த ஊர், எந்த ஸ்கூல்" என்று கேட்டிருக்க, பாதி டைப் பண்ணிவிட்டு "அம்மா, மீனாட்சிக்கு ஸ்பெல்லிங் சொல்லு" என்று வந்து நின்றாள். அன்றைக்கே அதைத் தூக்கிவிட்டேன்.

அப்புறம்தான் லிசெஸ் (Lichess), இணையத்தில் செஸ் ஆடும் தளம். 2010இல் தொடங்கியது, பிரான்சில் பதிவான லாப நோக்கமில்லாத அமைப்பு, நன்கொடையில் ஓடுகிறது. விளம்பரம் கிடையாது, 'இதற்குக் காசு கட்டு' என்று பாதியில் நிறுத்துவதும் கிடையாது. நட்சத்திரம் பொறுக்கவைத்தே காய் நகர்த்தச் சொல்லிக்கொடுக்கும் அடிப்படைப் பாடம் ஒன்று இருக்கிறது. ஐம்பது வயதை நெருங்கும் என் அண்ணன்கூட அதில்தான் கற்றுக்கொண்டான்.

பெற்றோர் முதலில் தேட வேண்டியது அதில் உள்ள 'கிட் மோட்'. அதைப் போட்டுவிட்டால் தனிச்செய்தி, சாட் எல்லாம் அடைபட்டுவிடும். பிள்ளை யாரோ ஒருவருடன் ஆடும், ஆனால் அந்த யாரோ பேச முடியாது. மறுபடி எடுக்கக் கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும், ஆகவே பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். என் மின்னஞ்சலில் கணக்கு தொடங்கி, பெயருக்குப் பதிலாக ஒரு காய்கறிப் பெயர் வைத்தோம்.

வெளியாள் தொல்லை அத்தோடு தீர்ந்தது. நான் எதிர்பார்க்காத தொல்லை அந்த எண்ணில் இருந்தது. புதுக் கணக்குக்கு லிசெஸ் 1500 என்று ரேட்டிங் (ஆடுபவரின் பலத்தைச் சொல்லும் எண்) கொடுக்கும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. ஆளின் பலம் தெரியாததால் நடுவில் நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் நேற்றுக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அது மார்க். பத்துப் பதினைந்து ஆட்டத்தில் ஆயிரத்துக்குக் கீழே சரிந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் அழுகை. கொஞ்ச நாளில் வேறு வழி கண்டுபிடித்தாள்: ஜெயித்ததும் ஆட்டத்தை மூடிவிடுவது, எண் இறங்கிவிடக் கூடாதாம். செஸ் ஆடுவதே குறைந்துபோனது.

அமைப்புகளில் துழாவியபோது 'ஆட்டக்காரர் ரேட்டிங்கைக் காட்டு' என்ற வரி கண்ணில் பட்டது. 'வேண்டாம்' என்று மாற்றினால் திரையில் எல்லார் எண்ணும் மறைந்துவிடும். பின்னணியில் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மூன்று வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இந்த ஒரு தட்டல். ஒரு வாரம் முறைத்துக்கொண்டு இருந்தாள், அப்புறம் தோற்றாலும் அடுத்த ஆட்டம் போடத் தொடங்கினாள்.

நேரக் கட்டுப்பாட்டில் நாங்கள் கெட்டிக்காரர்கள் இல்லை. போனில் தினம் நாற்பது நிமிடம் என்று பூட்டு வைத்தேன். ராணியோடு ஜெயிக்கப்போகிற ஆட்டத்தின் நடுவில் திரை பூட்டிக்கொண்டு, கடிகாரம் தீர்ந்து தோற்றாள். தப்பு என்னுடையது. இப்போது நிமிடக் கணக்கில்லை, ஆட்டக் கணக்கு: பத்து நிமிட ஆட்டம் இரண்டு, புதிர் பத்து. மற்றபடி அப்பத்தாவின் போனில் தனியாக ஒரு கணக்கு ஓடியதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. அப்பத்தா சாட்சிக் கூண்டில் ஏறியும் வாயைத் திறக்கவில்லை.

புதிர்ப் பகுதி தங்கம்தான். இரட்டைத் தாக்குதல், ஒரே நகர்த்தலில் மேட் என்று வகை பிரித்துப் போடலாம். ஆனால் கடிகாரத்தோடு ஓடும் 'பசில் ஸ்டார்ம்' சின்னப் பிள்ளைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. யோசிக்காமல் விரல் பாயப் பழகிவிடுகிறது. கோச்சிங் சாரும் அதையேதான் சொன்னார்: "கை முந்துதுங்க." சார் இல்லாமல் லிசெஸ் மட்டும் போதுமா என்றால், போதாது. தப்பு எங்கே என்று கம்ப்யூட்டர் காட்டும், ஏன் என்று எட்டு வயதுக்குப் புரிகிற மாதிரி சொல்லாது.

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான போட்டியில் குகேஷ் டிங் லிரெனை வென்ற இரவு, அந்த 14ஆவது ஆட்டத்தின் முடிவை ஒட்டிய நிலையை லிசெஸில் பார்த்து மரப்போர்டில் அடுக்கினோம். டிங் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தவறாக நகர்த்தியிருந்தார். "இப்ப கறுப்பு என்ன செய்யும்?" என்றார் அவள் அப்பா. போனில் என்றால் மூன்று விநாடியில் எதையாவது தட்டியிருப்பாள். இங்கே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சாப்பாடு ஆறியது. யானையை யானையால் வெட்டியது எளிது. மந்திரியையும் வெட்டுக்கொடுத்துவிட்டால் சிப்பாய் ஜெயிக்கும் என்பதை அவளே கண்டுபிடிக்க ஏறக்குறைய இருபது நிமிடம். அதிலிருந்து வீட்டில் சட்டம்: தோற்ற ஆட்டத்தை மரப்போர்டில் ஒருமுறை ஆடிப்பார்த்த பிறகுதான் அடுத்தது.

இப்போது பத்து வயது. "எண்ணை ஒரே ஒரு தடவை காட்டும்மா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பிறந்தநாளைக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். என் கணக்கிலிருந்து பார்த்தால் அது தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. போன வாரம் நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.