பூஞ்சை சோதனைக் கருவிகள்: இரண்டு மழைக்காலம் பயன்படுத்திய பிறகு

எங்களுடையது சென்னையில் தரைத்தள ஃப்ளாட். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர் கறுத்துக்கொண்டே இருந்ததால் மூன்று கருவிகள் வாங்கினேன். அதில் ஒன்று தண்டம், இரண்டு இன்னமும் உழைக்கின்றன.

தண்டம், தட்டுச் சோதனை கிட். பூஞ்சை வளர ஊட்டம் பூசிய தட்டு அது. மூடியைத் திறந்து அறையில் வைத்து, பிறகு மூடி, சில நாள் விட வேண்டும். பச்சையும் கறுப்புமாக அமோக விளைச்சல். அதைப் பார்த்த அம்மா பேரனை அந்த அறையில் படுக்கவே விடவில்லை. இன்னொரு தட்டை மொட்டை மாடியில் திறந்து வைத்தேன். அதிலும் அதே விளைச்சல்! பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருப்பவை, ஊட்டம் கிடைத்தால் முளைக்கத்தான் செய்யும். கண்ணுக்கே பூஞ்சை தெரியும்போது மாதிரி எடுத்துச் சோதிப்பது பெரும்பாலும் தேவையில்லை என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. வீட்டுக் காற்றில் இத்தனை வித்து வரை இருக்கலாம் என்ற தேசிய வரம்பும் அங்கே கிடையாது. எதோடு ஒப்பிட்டுப் பயப்படுவது?

காசுக்கு ஈடு கொடுத்தது, சுவரில் ஊசி குத்தி ஈரம் பார்க்கும் மாய்ஸ்சர் மீட்டர். மரத்துக்கென்று அளவிடப்பட்ட கருவி இது. சுவரில் காட்டும் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே சுவரில் இடத்துக்கு இடம் ஒப்பிடலாம். உப்பு பூத்த இடத்தில், சுவர் அவ்வளவு ஈரமில்லாவிட்டாலும் எண் எகிறும். வெள்ளையாகத் தெரிவது உப்பா பூஞ்சையா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், உப்பு கரைந்துவிடும். அடியிலிருந்து மேலே குத்திக்கொண்டே போனதில், குழாய் போகும் உயரத்தில் மட்டும் எண் ஏறியது. மழையே இல்லாத சித்திரையிலும் அப்படித்தான். "டேம்ப் ப்ரூஃப் அடிச்சா போயிடும் சார்" என்ற பெயிண்டரை நிறுத்திவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டேன். டைல்ஸை உடைத்தால், எல்போ மூட்டில் கசிவு. சரிசெய்து, புட்டியைச் சுரண்டிவிட்டு, பக்கத்துச் சுவரின் எண்ணுக்கு இது இறங்கும்வரை பெயிண்ட் அடிக்க விடவில்லை. கோடை முழுக்க ஆனது.

காற்றின் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் விலை குறைவு, ஆனால் வாங்கியதும் சரிபார்த்துவிடுங்கள். சின்ன மூடியில் சமையல் உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் சேறாகக் குழைத்து, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் ராத்திரி முழுக்க வைத்தால் 75% காட்ட வேண்டும். என்னுடையது நான்கு புள்ளி கூடுதல், கழித்துப் பார்த்துக்கொள்கிறேன். ஈரப்பதத்தை 60%க்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். கார்த்திகை மழையில், சென்னையில்! ஏசியை ட்ரை மோடில் ஓட்டினால் இறங்குகிறது, நிறுத்தினால் ஏறிவிடுகிறது. பீரோவுக்குப் பின்னால் வைத்துப் பார்த்ததுதான் உருப்படியான வேலை: அறை நடுவைவிட அங்கே எப்போதும் அதிகம். பீரோவை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டபின் அந்த இடம் கறுக்கவில்லை.

மாய்ஸ்சர் மீட்டரில் ஒரு குறை, குத்திய இடமெல்லாம் இரட்டைப் புள்ளி விழும். புதுப் பெயிண்ட் அடித்த சுவரென்றால் கட்டிலுக்குப் பின்னால் குத்திக்கொள்ளுங்கள்.