மணாலி வாடகைப் பனிக்கோட்டு: ஜனவரிக்குச் சரி, ஏப்ரலுக்கு ஆகாது

இமாச்சலத்து மணாலியிலிருந்து சோலாங் பள்ளத்தாக்குக்குப் போகிற சாலையில் நம்பர் போட்ட வாடகைக் கடைகள் வரிசையாக இருக்கும், பனிக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் தருவார்கள். எந்தக் கடை என்று நாம் யோசிக்கவே வேண்டாம், டிரைவர் தம்பியே ஒரு கடை வாசலில் கொண்டுபோய் வண்டியை நிறுத்திவிடுவார். நாங்கள் போனது ஏப்ரல் முதல் வாரம். ஒரு செட் 300 ரூபாய், நாலு பேருக்கு 1,200. கையுறைக்குத் தனிக் காசு.

எனக்கு வந்த கோட்டின் பையில் யாரோ பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். மகளுடைய கோட்டில் ஜிப் நெஞ்சு வரைதான் ஏறியது, அதற்கு மேல் ஊக்கு குத்தி வைத்திருந்தார்கள். சரி, ஒரு நாள் கூத்துதானே என்று மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

சோலாங்கில் வெறும் தூறல்தான். மலையைக் குடைந்து போட்ட அடல் சாலைச் சுரங்கத்தின் வாசலுக்குப் போவதற்குள் அது பனியாகிவிட்டது, உள்ளே 9.02 கிலோமீட்டர் ஓடி மறுபக்கம் சிஸ்ஸு கிராமத்துப் பக்கமாக வெளியே வந்தால் முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இறங்கி ஆசை தீர ஆடினோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தோள்பட்டை ஈரம்.

ஜனவரிப் பனி மாவு மாதிரி, தட்டினால் உதிர்ந்துவிடும். ஏப்ரலில் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்பதால் விழுகிற பனியில் பாதி தண்ணீர், கையில் அள்ளிப் பிழிந்தால் துருவிய தேங்காயில் பால் வருகிற மாதிரி சொட்டுகிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருகிற மேற்கத்திய மழைமேகம்தான் இந்தக் கூத்தைச் செய்கிறது, காற்றில் சூடு ஏற ஏற அது சுமந்து வரும் ஈரமும் கூடும். அந்தப் பனிக்கு இந்தக் கோட்டு வெறும் பஞ்சு மெத்தை. குடித்துக்கொண்டே இருந்தது, கனம் ஏறிக்கொண்டே இருந்தது.

அப்புறம் போலீஸ் எல்லா வண்டிகளையும் திருப்பச் சொல்லிவிட்டார்கள். நல்லதுதான், இப்படிக் கனத்த பனி சரிவில் புதுசாகச் சேர்ந்தால் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் வரிசையில் மூன்று மணி நேரம் ஈரக் கோட்டோடு உட்கார்ந்திருந்ததில் மகளுக்குப் பல் கிட்டிப்போனது, கழற்றிவிட்டு என் ஸ்வெட்டரைப் போட்டுவிட்ட பிறகுதான் பேச்சே வந்தது. என் வெள்ளைச் சட்டையில் கோட்டின் ஊதாச் சாயம், இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.

பூட்ஸைக் குறை சொல்ல மாட்டேன். கால் விறைத்தது, ஆனால் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. மார்ச், ஏப்ரலில் போகிறவர்கள் பூட்ஸை மட்டும் வாடகைக்கு எடுங்கள். மேலுக்கு வீட்டிலிருந்தே நல்ல மழைக்கோட்டு, உள்ளே கம்பளி. கையுறை இரண்டு ஜோடி.

திருப்பிக் கொடுத்தபோது கோட்டு ஈரம் என்று 100 ரூபாய் கேட்டார் கடைக்காரர். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் பூட்ஸுக்கு.