திறப்பைத் திருப்ப இரையும் கார்: அல்டனேற்றர் மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள்

கார் வைத்திருக்கிற யாழ்ப்பாணத்து உறவுகள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். திறப்பைத் திருப்பும்போது "வீஈஈங்" என்று இரைச்சல் மட்டும் வந்து, எஞ்சின் அசையாமல் கிடந்தால், யார் சொன்னாலும் அல்டனேற்றரையும் (எஞ்சின் ஓடும்போது பற்றறியைச் சார்ஜ் பண்ணுவது) பற்றறியையும் மாற்றக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

என் கார் பழசு. அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போவது அதில்தான். காலையில் ஸ்டாட் பண்ணும்போது இந்தச் சத்தம் வரத் தொடங்கியது. விட்டு விட்டுத் திருப்பினால் ஒருமாதிரி எஞ்சின் பிடிக்கும். டவுனுக்குக் கிட்ட உள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பொனற்றைத் திறந்தவர் வோல்ட் மீற்றர் வைத்துப் பார்க்கவுமில்லை, காருக்குக் கீழே குனியவுமில்லை. "அல்டனேற்றர் பெயரிங் போட்டுது அண்ணை, அது பற்றறியையும் திண்டிட்டுது. ரெண்டையும் மாத்தாட்டி அம்மாவோட நடுறோட்டில நிப்பீங்கள்" என்றார். அம்மாவைச் சொன்னால் யார்தான் யோசிப்பார்கள்?

றீகண்டிஷன் அல்டனேற்றர், புதுப் பற்றறி, பெல்ட், கூலி எல்லாமாக 92,000 ரூபா. பில் என்று தந்தது ஒரு துண்டுக் கடதாசி. அதில் "சாமான் + கூலி" என்று மட்டும் எழுதியிருந்தது. பழைய சாமானைக் கேட்டதற்கு, "அது பழைய இரும்புக்குப் போட்டுது" என்றார்கள். அந்தக் கிழமை முடிய முதலே அதே சத்தம் திரும்பி வந்தது. போன் எடுத்தால், "புதுச் சாமான் அண்ணை, செற் ஆகக் கொஞ்ச நாள் எடுக்கும்" என்று பதில். அல்டனேற்றருக்கு அப்படி ஒரு கதையே கிடையாது.

பிறகு சுன்னாகத்தில் வாகன வயரிங் வேலை செய்கிற ஒரு ஐயாவிடம் காட்டினேன். அவர் காரைத் தொட முதல் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, சத்தம் வரேக்க எஞ்சின் சுத்துதோ, இல்லையோ?"

விஷயம் முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அல்டனேற்றரைச் சுற்றுவது பெல்ட், பெல்ட்டைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சினே சுற்றாதபோது அல்டனேற்றர் எப்படி இரையும்? அந்த நேரத்தில் அங்கே வேகமாகச் சுற்றுவது ஸ்டாட்டர் மோட்டர் ஒன்றுதான். அதன் முனையில் உள்ள சின்னப் பல்லுச்சில்லு முன்னுக்கு வந்து, எஞ்சினோடு பூட்டியிருக்கிற பெரிய சில்லான ஃப்ளைவீலின் பல்லில் கொளுவி எஞ்சினைச் சுற்ற வேண்டும். பல்லுச்சில்லோடு சேர்ந்திருக்கிற ஒருவழிக் கிளச், சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி. அது தேய்ந்து வழுக்கினால் மோட்டர் மட்டும் சும்மா சுற்றி இரையும், எஞ்சின் அசையாது.

ஐயா ஸ்டாட்டரைக் கழற்றி, அந்தப் பல்லுச்சில்லை என் விரலாலேயே சுற்றிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் சுற்ற வேண்டும், மற்றப் பக்கம் இறுகிப் பிடிக்க வேண்டும். என்னுடையது இரண்டு பக்கமும் வழுவழு என்று சுற்றியது. தன்னிடமிருந்த நல்லது ஒன்றையும் கையில் தந்தார். அது மற்றப் பக்கம் துளியும் அசையவில்லை. பிறகு எஞ்சினை ஸ்பானரால் மெல்லச் சுற்றிச் சுற்றி, ரோர்ச் அடித்து, ஃப்ளைவீல் பல்லையும் பார்த்தார். அதில் பழுதில்லை. கிளச்சை மாற்றி, மோட்டரைத் துப்புரவாக்கிப் பூட்ட 11,500 ரூபா. சத்தம் அதோடு போய்விட்டது.

எஞ்சின் ஸ்டாட் ஆன பிறகும் அதே இரைச்சல் தொடர்ந்தால், பல்லுச்சில்லு பின்னுக்கு வராமல் மாட்டியிருக்கலாம். உடனே நிற்பாட்டுங்கள், இல்லாவிட்டால் மோட்டரே எரிந்துபோகும். ஓடும்போது அக்சிலேற்றரோடு சேர்ந்து ஏறி இறங்குகிற இரைச்சல் என்றால்தான் அல்டனேற்றர் பெயரிங்கையோ, ஸ்டியரிங் பம்பையோ சந்தேகிக்க வேண்டும். பற்றறி இறங்கினால் பெரும்பாலும் "டிக் டிக்" என்று கேட்கும், அல்லது எஞ்சின் சோம்பிச் சுற்றும். மீற்றர் வைத்தால் ஒரு நிமிட வேலை: நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பற்றறியில் சார்ஜ் இருக்கிறது, எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்டினால் அல்டனேற்றர் சார்ஜ் பண்ணுகிறது. மீற்றர் வைக்காமல் இந்த இரண்டையும் மாற்றச் சொல்கிற கராஜில் காரை விடவேண்டாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இப்போதும் புதுசு வாங்க எங்களில் எத்தனை பேரால் முடியும்? பழசை விட்டால் வேறு வழியில்லை என்பது இப்படியான கராஜ்காரருக்கு நன்றாகத் தெரியும். என் பழைய அல்டனேற்றர் இன்னொருவர் தலையில் "றீகண்டிஷன்" என்று கட்டப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆகவே கழற்றுகிற சாமானை உங்கள் கண்முன்னால் காரின் டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். பில்லில் ஒவ்வொரு சாமானும் அதன் விலையும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அது நடப்பதால் கராஜின் பெயரை இங்கே போடவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வேலை செய்வித்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும். விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், துண்டுக் கடதாசி பில் என்றாலும் எறியாமல் வைத்திருங்கள். நானும் அதைத்தான் இணைத்துக் கொடுத்தேன்.