லாக்கரா, டிராக்ஷன் கண்ட்ரோலா? சானி கணவாய் ஏறும் பக்கிக்கு எது தோது

தமிழ்நாட்டில் யாரையாவது 'பக்கி' என்று கூப்பிட்டால் சண்டைக்கு வருவார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பக்கி என்றால் பிக்கப் வண்டி. கரும்பு, சிமெண்ட், கோவில் விசேஷத்துக்கு அண்டா, எல்லாம் அதில்தான் ஏறும். வாரக்கடைசியில் அதே வண்டியை மலையில் ஏற்றிப் பார்க்கும் ஆசையும் இங்கே பலருக்கு உண்டு. என் மச்சானுக்கு அந்த ஆசை முற்றிவிட்டது. "மச்சான், சானி கணவாய் போறேன். ஏர் லாக்கர் போடட்டுமா, இல்ல வண்டியில இருக்கிற டிராக்ஷன் கண்ட்ரோலே போதுமா?" என்று கேட்டான். சானி, லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் செங்குத்தான மலைப்பாதை. லாக்கர் என்பது இடது, வலது சக்கரங்களை ஒன்றாகப் பூட்டிவிடும் கருவி; டிராக்ஷன் கண்ட்ரோல், வழுக்கும் சக்கரத்தைக் கம்ப்யூட்டரே பிரேக் பிடிக்கும் ஏற்பாடு. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த மாதிரிப் பாதையில் வண்டியில் எது உடைகிறது, ஏன் உடைகிறது என்று பார்த்துவிடலாம். எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரக் கூட்டுதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் ஒரு தராசு மாதிரி. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் முறுக்குவிசையைச் சரிபாதியாகத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. ஆகவே மறுபக்கத்துக்கும் ஒன்றும் போகாது. வண்டி நிற்கும், தொங்கும் சக்கரம் மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அந்த வேகம் முழுவதையும் உள்ளே இருக்கும் குட்டி ஸ்டார் பினியன்கள் தாங்க வேண்டும். வளைவில் திரும்பும்போது மெதுவாக உருள்வதற்குச் செய்த பற்கள் அவை.

இப்படித்தான் என் பழைய பக்கி ஒருமுறை காலை வாரியது. டோங்காட் பக்கம் கரும்புக் காட்டு வழி, முதல் நாள் மழை. பின் சக்கரம் ஒன்று டோங்காவில் இறங்கிவிட்டது (இங்கே மழைநீர் அரித்த பள்ளத்துக்கு டோங்கா என்று பெயர்). நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். சக்கரம் சேற்றை வாரி இறைத்தது, இன்னும் மிதித்தேன், அது சட்டென்று ஒரு கல்லைப் பிடித்தது. 'டக்' என்று ஒரே சத்தம். அதன்பிறகு எந்தக் கியரைப் போட்டாலும் பின்னால் கடகடவென்றதே தவிர வண்டி நகரவில்லை. கரும்பு டிராக்டர் வந்து இழுத்தது. பட்டறையில் எண்ணெயை வடித்தபோது பற்கள் வடிதட்டில் விழுந்தன. பட்டறை மாமா அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "உடைச்சது கல்லு இல்ல தம்பி, உன் கால்" என்றார்.

அவர் சொன்னது கணக்கிலும் சரிதான். 500 நியூட்டன் மீட்டர் தரும் டீசல் எஞ்சின். முதல் கியரில் 3.6 மடங்கு, லோ ரேஞ்சில் (மெதுவாக, பலமாக இழுக்கும் கூடுதல் கியர்) 2.5 மடங்கு, கிரவுன் பினியனில் (சுழற்சியை ஆக்சிலுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி) 4 மடங்கு என்று பெருக்கினால் ஏட்டில் 18,000 நியூட்டன் மீட்டர் வரும். அதைக்கூட ஆக்சில் ஓரளவு தாங்கிவிடும், ஏனென்றால் டயர் அதற்கு முன்பே வழுக்கிவிடும். தாங்காதது அடி. வேகமாகச் சுற்றும் கனமான சக்கரம் ஒரு நொடியில் நின்றால், சேர்த்து வைத்திருந்த ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டிலும் பற்களிலும் இறங்குகிறது. அதனால் எந்தக் கருவியையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுவேன்: சக்கரத்தைச் சுழலவிடாமல் இது வண்டியை நகர்த்துமா?

டிராக்ஷன் கண்ட்ரோலின் பலவீனமும் இங்கேதான் வெளிப்படுகிறது. சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தி, அந்த எதிர்ப்பை வைத்து மறுபக்கத்துக்கு விசை அனுப்புவது அதன் வேலை. ஆக, சக்கரம் முதலில் சுழன்றே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் பிறகுதான் பிடிக்கும். காய்ந்த கற்பாதையில் இது பிரமாதம். சுமார் 1,100 கிலோ எடையுள்ள சுசுகி ஜிம்னி, லாக்கரே இல்லாமல் இந்தப் பிரேக் வித்தையை வைத்தே பெரிய வண்டிகளைத் தலைகுனிய வைப்பதைப் பார்க்கலாம். வண்டியும் இலேசு, எஞ்சினும் சிறிசு. உடைக்கும் அளவுக்கு அதில் பலமே இல்லை என்பது இன்னொரு ரகசியம். ஆனால் கோசி பே பக்கத்து மணல் தடத்தில், சாமான் ஏற்றிய கனமான பக்கியில், இதே டிராக்ஷன் கண்ட்ரோல் தொல்லை. ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் பிடித்து ஓட்டத்தைக் கொன்றுவிடும், பிரேக்கும் சூடேறும். மணலில் அதை அணைத்துவிட்டு டயர் காற்றை ஒரு பார் அளவுக்கு இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. (கடற்கரை மணலிலேயே ஓட்டலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். 2002 முதல் இந்த நாட்டில் அதற்குத் தடை.)

லாக்கர் அப்படியில்லை. இரு பக்க ஷாஃப்டையும் ஒரே தண்டுபோல் கட்டிவிடுவதால் ஒரு சக்கரம் தனியாகச் சுழல வழியே கிடையாது. தடை வருவதற்கு முன்பே பொத்தானை அழுத்தி, நடை வேகத்தில் ஏறலாம். ஸ்டார் பினியனும் அப்போது சுழலாமல் நிற்கும். நான் இதன் கட்சிதான். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு ஷாஃப்டுக்குப் பாதிக்கு மேல் போகாது. லாக் போட்டபின் ஒரு பக்கம் தொங்கினால், முழு விசையும் தரையைப் பிடித்திருக்கும் ஒற்றை ஷாஃப்டில் இறங்கும். பல்லைக் காப்பாற்றுகிறது, ஷாஃப்டைச் சோதிக்கிறது. அதனால் லாக் போட்டுவிட்டுக் குதிரை ஓட்டக்கூடாது. இறுகிய தரையில் லாக்கோடு திருப்பவும் கூடாது.

ரிவர்ஸில் இன்னும் கவனம் வேண்டும். கிரவுன் பற்களுக்கு முன்னே தள்ளும் முகம் ஒன்று, பின்னே தள்ளும் முகம் ஒன்று. பின் ஆக்சிலில் ரிவர்ஸ் போட்டால் பலங்குறைந்த முகத்தில் பளு விழும். மாட்டிக்கொண்ட வண்டியை லோ ரேஞ்சில், லாக்கோடு, முக்கி முக்கிப் பின்னுக்கு எடுக்கும்போதுதான் பல கிரவுன் பினியன்கள் உயிரை விடுகின்றன. மண்வெட்டியை எடுத்து ஐந்து நிமிடம் தோண்டுவது மலிவு.

சரி, எந்த லாக்கர்? டர்பனின் பிராஸ்பெக்டனில் தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸின் நான்கு சக்கர ஓட்ட வகைகளில் பின் லாக் கம்பெனியிலிருந்தே வரும், மின்சாரத்தில் இயங்குவது. ஏ.ஆர்.பி. கம்பெனியின் ஏர் லாக்கர் 1980களிலிருந்து பேர் வாங்கியது; காற்றழுத்தத்தில் உடனே பூட்டும், உடனே விடும். பலத்தில் எனக்கு ஏர் லாக்கர் மேல். ஆனால் அதைப் பொருத்த டிஃபரன்ஷியலின் உட்கூட்டையே மாற்ற வேண்டும்; கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவிலுள்ள பேக்லாஷ் என்ற பல் இடைவெளியைப் புதிதாக அளந்து வைக்க வேண்டும். அதில் மயிரிழை பிசகினாலும் சில மாதத்தில் ஊளையிடும், பிறகு பல் போகும். பொருள் நல்லது, பொருத்திய கை சரியில்லை என்ற கதைதான் அதிகம். காற்றுக் குழாய், ஓ-ரிங் கசிவுகள் வேறு. மின் லாக்கில் பொருத்தும் தலைவலி இல்லை. அதன் நோய் சும்மா கிடப்பது: மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் இறுகிக்கொள்ளும்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் டெட்ராய்ட் வகை மணலுக்கும் சேற்றுக்கும் இரும்பு மாதிரி. சானிக்கு வேண்டாம். உச்சி 2,870 மீட்டருக்கு மேல்; ஆனி, ஆடியில் அங்கே பனிக்கட்டி படியும் (தென்கோளத்தில் அதுதான் குளிர்காலம்). பின் சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுற்றும் வண்டி, பனியில் பள்ளத்துப் பக்கம் பின்னைத் தள்ளும். பொத்தான் இல்லாததால் அதை நிறுத்தவும் முடியாது. பூட்டாமல், சக்கரம் தனியாகச் சுழல்வதை ஓரளவு மட்டும் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப்பும் உண்டு: தகடு வைத்தது தேய்ந்துபோகும். பல்சக்கரங்களால் தடுக்கும் டார்சன் வகையோ சக்கரம் அந்தரத்தில் நின்றால் கைவிரித்துவிடும். பிரேக்கை இலேசாகத் தொட்டுத்தான் அதை எழுப்ப வேண்டும்.

லாக்கரைப் பற்றிப் பேசும் யாரும் ஆக்சில் எந்த வகை என்று கேட்பதில்லை, எனக்கு அதுதான் வியப்பு. ஹைலக்ஸ் மாதிரியான பக்கிகளில் பின் ஆக்சில் செமி ஃப்ளோட்டிங்: ஒரே ஷாஃப்ட் சுமக்கவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். லேண்ட் குரூசர் 79-இல் ஃபுல் ஃப்ளோட்டிங்: சுமப்பது ஹவுசிங் என்ற வெளிக்கூடு, சுழற்றுவது மட்டுமே ஷாஃப்ட். அது உடைந்தால் சக்கர நடுவிலுள்ள ஹப் முகத்துப் போல்ட்டுகளைக் கழற்றி உருவிவிடலாம். சக்கரம் தன் இடத்தில் உருளும். பழைய சீரீஸ் லேண்ட்ரோவரும் இந்த ஜாதிதான். அதன் 10 ஸ்ப்லைன் (முனையில் பத்து வரிப்பற்கள்) பின் ஷாஃப்ட் அடிக்கடி முறிந்ததால், பழைய ஆட்கள் உபரி ஷாஃப்டைக் கூடவே எடுத்துப் போனார்கள். வழியிலேயே மாற்றிக்கொண்டு வீடு சேர்ந்தார்கள். செமி ஃப்ளோட்டிங்கில் அதே வேலைக்குப் பேரிங்கை அமுக்கி எடுக்கும் பிரஸ் வேண்டும். கூரையில் கூடாரம், பின்னால் தண்ணீர்த் தொட்டி என்று பாரம் ஏற்றுபவருக்கு, லாக்கருக்கு முன்பே இது முக்கியம்.

டயர் விஷயம் சுருக்கமாக: 265/65 ஆர்17-ஐக் கழற்றி 285/70 போட்டால் விட்டம் 7 விழுக்காடு கூடும். அதே பிடிப்புக்கு ஷாஃப்ட் அத்தனை விழுக்காடு கூடுதலாக முறுக்கப்படும். சக்கரத்தின் எடையும் சேரும். ஆற்றைக் கடந்து வந்தால் டிஃபரன்ஷியல் எண்ணெயைத் திறந்து பாருங்கள். சூடான ஆக்சில் குளிர்நீரில் இறங்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து சீல் வழியே நீரை உறிஞ்சும். எண்ணெய் பால் காபி நிறத்தில் இருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு மச்சான் தன் பக்கியின் கதவைத் திறந்தான். டாஷ்போர்டில் குறுக்குப் போட்ட ஆக்சில் படத்தோடு ஒரு பொத்தான். மூன்று வருடமாக அதை அவன் தொட்டதே இல்லை. ஃபாக் லேம்ப் என்று நினைத்தானாம். கோவில் பின்புறத்து ஜல்லித் தரைக்கு ஓட்டிப்போய், லோ ரேஞ்சில் போட்டு அழுத்தினோம். விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது, பூட்டவில்லை. ஸ்டீயரிங்கை இலேசாக இடமும் வலமும் ஆட்டி மெதுவாக உருட்டச் சொன்னேன். பத்து மீட்டர் போனதும் அடியில் ஒரு சின்ன 'களக்'. விளக்கு நிலையாக எரிந்தது. ஏர் லாக்கருக்கு ஒதுக்கிய காசில் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஒன்றும் மண்வெட்டி ஒன்றும் வாங்கினான். மிச்சம் நிறைய இருந்தது.