தி லிங்கன் லாயர்: கும்பல் கதை என்று எடுத்தால், கிடைப்பது கட்டணக் கணக்கு

மைக்கேல் கொனலியின் இந்த நாவல் 2005இல் வந்தது; 2011இல் படமானது. நெட்ஃபிளிக்ஸில் தொடரைப் பார்த்துவிட்டுக் கதை தெரிந்துவிட்டது என்று ஒதுக்க வேண்டாம். 2022இல் வந்த முதல் சீசன் இதற்கு அடுத்த நாவலான 'தி பிராஸ் வெர்டிக்ட்'டை வைத்து எடுத்தது.

மிக்கி ஹாலர் லொஸ் ஏஞ்சல்ஸில் குற்றம் சாட்டப்பட்ட எதிரிகளுக்காக வாதாடும் சட்டத்தரணி. லிங்கன் காரின் பின் சீற்தான் அவருடைய கந்தோர். சாரதி ஏர்ல் பழைய கட்சிக்காரன். கட்ட வேண்டிய கட்டணத்தை வண்டி ஓட்டிக் கழிக்கிறான்.

ஆரம்பத்திலேயே 'ரோட் செயின்ட்ஸ்' மோட்டார்சைக்கிள் கும்பல் நெடுஞ்சாலையில் காரைச் சுற்றி வளைக்கிறது. அடிதடி வரப்போகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பதோ காசுப் பேச்சு. கும்பல் தலைவனுக்குத் தன் ஆள் வெளியே வரவேண்டும். ஹாலருக்கு மிச்சக் கட்டணம் முதலில் வரவேண்டும். இருவரும் குரலை உயர்த்தவே தேவைப்படவில்லை. கும்பலின் பலத்தை ஆயுதத்தால் காட்டாமல், யாருக்கு யார் கடன்பட்டவர் என்பதால் காட்டியிருக்கிறார் கொனலி. புத்தகத்தில் ஆகத் திறமான பகுதி இது. இங்கே விதைத்தது பின்னால் எப்படி முளைக்கிறது என்பதை வாசித்தே அறியுங்கள்.

பிரதான வழக்கு லூயிஸ் ரூலே என்ற பணக்கார வீடு விற்பனை முகவருடையது. ஒரு பெண்ணைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டு. தான் அப்பாவி என்று சத்தியம் பண்ணுகிறான். அவனைத் தோண்டப் போக, தண்டனையைக் குறைக்க அரச தரப்போடு பேரம் பேசி, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஹாலர் முன்பு சிறைக்கு அனுப்பிவைத்த ஹெசுஸ் மெனெண்டஸின் வழக்கு கிளம்புகிறது.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ மேல் நீதிமன்றப் பக்கம் பழகிய வாசகருக்கு இரண்டு இடங்களில் தடங்கல் வரும். ஒன்று பிணை. கலிபோர்னியாவில் பிணை முகவர் பொதுவாகப் பத்து வீதம் வாங்கிக்கொண்டு மீதிக்குத் தான் பொறுப்பு நிற்பார். அது ஒரு வியாபாரம். இங்கே கிராம சேவகரிடம் உறுதிப்படுத்திய கடிதத்தோடு சொந்தக்காரர் வந்து சரீரப் பிணையில் கையெழுத்து வைக்க வேண்டும். கொலைக் குற்றச்சாட்டென்றால் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி நீதவானிடம் கேட்டுப் பயனில்லை, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். ஹாலரின் ஆள் அவ்வளவு சுருக்காக வெளியே வருவதை இதை வைத்து அளக்காதீர்கள்.

மற்றது, கதையின் அச்சாணியான இரகசியம் காக்கும் கடமை. கட்சிக்காரன் சொன்னதை வெளியே சொல்ல முடியாமல் ஹாலர் கட்டுண்டு கிடப்பதில்தான் பாதிக் கதை ஓடுகிறது. நமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவும் சட்டத்தரணியின் வாயை அப்படித்தான் கட்டுகிறது. ஆனால் சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றச் சொன்னவையும், வழக்கை எடுத்த பிறகு நடந்த குற்றத்தைக் காட்டும் வகையில் சட்டத்தரணி கவனித்த விடயங்களும் அந்தப் பாதுகாப்புக்குள் வராது. இதை மனதில் வைத்து நடுப்பகுதியை வாசித்தால், ஹாலர் எங்கே உண்மையாகவே மாட்டியிருக்கிறார், எங்கே மாட்டியதாக நினைக்கிறார் என்று தானாகப் பிரித்துப் பார்க்கலாம். எழுத்தாளர் எதிர்பாராத சுவாரசியம் அது!

குறை என்றால் மெனெண்டஸ்தான். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவன், அதுவும் தன் சட்டத்தரணி சொல்லி. தவணைக்குத் தவணை அலையமாட்டாமல் "ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டுப் போவோம்" என்கிற ஆட்களை எந்த நீதவான் நீதிமன்ற வாசலிலும் பார்க்கலாம். அங்கே ஆயுள் போகிறது, இங்கே சில ஆயிரம் ரூபா போகிறது. அப்படிப்பட்டவனுக்குச் சிறையில் ஒரு சந்திப்பும் கொஞ்சக் குற்றவுணர்வும் கொடுத்துவிட்டுக் கதை ரூலேயின் பின்னால் ஓடிவிடுகிறது. கடைசிப் பக்கங்களில் துப்பாக்கி வருவதும் அவசர வேலை. நீதிமன்றத்துக்குள்ளேயே கணக்குத் தீர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆங்கிலம் கடினமில்லை, வசனம் குட்டை குட்டை. விசாரணைக்கு முந்திய பகுதி நீளம். பெயர்கள் நிறைய வரும். வழக்குத் தொடுநர் மெகி முதல் மனைவி, கந்தோர் வேலை பார்க்கும் லோர்னா இரண்டாவது மனைவி. இதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீர்ந்தது. குறுக்கு விசாரணைகளை மட்டும் பாய்ந்து வாசிக்க வேண்டாம்: எதிரி சிறையில் தன்னிடம் ஒப்புக்கொண்டான் என்று சாட்சி சொல்ல வரும் கைதியை ஹாலர் கையாளும் விதத்தில் முன்னால் சொன்ன சின்னத் தகவல்கள் ஒவ்வொன்றாகத் தேவைப்படும். பக்கத்துக்குப் பக்கம் வெட்டுக்குத்துத் தேடுபவர்களுக்கு இது சரிவராது.