பொய்ச் செய்தியை யார் பிடிப்பது? அமெரிக்காவின் மூன்று வழிகள்

அமெரிக்காவில் பொய்ச் செய்தி பற்றிப் பேச்சு எழுந்தால், "ஃபேர்னஸ் டாக்ட்ரினை எடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் சரி.

முதல் வழி அந்த ஃபேர்னஸ் டாக்ட்ரின்தான். ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.சி.சி. 1949இல் கொண்டுவந்த விதி அது. உரிமம் வாங்கிய வானொலியும் டிவியும் சர்ச்சைக்குரிய பொது விஷயங்களைப் பேச வேண்டும், மறுதரப்புக்கும் இடம் தர வேண்டும். அலைவரிசைகள் குறைவு என்பதால் இதில் தவறில்லை என்று 1969இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 1987இல், ரீகன் ஆட்சியில், எஃப்.சி.சி.யே விதியைக் கைவிட்டது. அடுத்த வருடமே வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் குரல் நாடு முழுக்க ஒலித்தது. இதுவரை சரி. ஆனால் வலதுசாரிச் செய்தி டிவியான ஃபாக்ஸ் நியூஸ் ஒரு கேபிள் சேனல், அலைவரிசை உரிமம் வாங்கி நடப்பதல்ல. விதி இருந்திருந்தாலும் அதைக் கட்டுப்படுத்தியிருக்குமா என்பது சந்தேகம்தான். யூடியூப் பக்கம் போயே இருக்காது.

அதோடு, மறுதரப்புக்கு இடம் கொடுப்பது வேறு, பொய்யைத் தடுப்பது வேறு. மருத்துவர் தடுப்பூசி பற்றிப் பேசினால், புரளி கிளப்புகிறவரும் எனக்கு இடம் எங்கே என்று வந்து நிற்பார். கென்னடி காலத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர்களே வலதுசாரி வானொலிகளை நெருக்க இந்த விதியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இது திரும்பி வரவே வேண்டாம் என்பது என் கட்சி.

இரண்டாவது வழி அவதூறு வழக்கு. 2020 தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற கதையை ஒளிபரப்பியதற்காக, அந்த இயந்திரங்களைத் தயாரித்த டொமினியன் நிறுவனம் ஃபாக்ஸ் மீது வழக்குப் போட்டது. கேட்டது 160 கோடி டாலர். விசாரணை தொடங்கவிருந்த நாளில், 2023 ஏப்ரலில், 78.75 கோடி டாலருக்குச் சமரசம். திரையில் மன்னிப்புக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பணத்தைவிடப் பெரிய விஷயம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. வழக்குக்காக ஒப்படைக்க வேண்டியிருந்த உள்சேதிகள் வெளியே வந்தன. திரையில் ஓடிய கதையை ஃபாக்ஸின் நட்சத்திரத் தொகுப்பாளர்களே தனியே கிண்டலடித்திருந்தார்கள். எந்த உண்மை சரிபார்ப்பாளராலும் அதைத் தோண்டி எடுத்திருக்க முடியாது.

சரி, அப்படியானால் இதுவே போதுமா? போதாது. டொமினியனுக்கு ஒரு பெயர் இருந்தது, நஷ்டக் கணக்கு இருந்தது, வக்கீல் வைக்கப் பணமும் இருந்தது. "தேர்தலே திருட்டு" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யார் வழக்குப் போடுவது? அப்புறம், வழக்கு என்ற ஆயுதம் எதிர்ப்பக்கமும் திரும்பும், அவதூறு என்ற பெயரில் இல்லாவிட்டாலும். கமலா ஹாரிஸ் பேட்டியை வெட்டி ஒட்டியதாக டிரம்ப் தொடுத்த வழக்கில், சிபிஎஸ் டிவியின் உரிமையாளரான பாரமவுண்ட் 2025 ஜூலையில் 1.6 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. வழக்கில் வலு இல்லை என்று சட்டம் தெரிந்த பலரும் சொன்னார்கள். ஆனால் அந்த நேரத்தில் பாரமவுண்ட் இன்னொரு நிறுவனத்தோடு இணைவதற்கு எஃப்.சி.சி.யின் ஒப்புதல் தேவைப்பட்டது.

மூன்றாவது, சமூக வலைத்தளங்களின் சொந்த ஏற்பாடு. இங்கேயே இரண்டு கட்சி. ஃபேஸ்புக் 2016 முதல் வெளி நிறுவனங்களை வைத்து உண்மை சரிபார்த்தது. ஆனால் அரசியல்வாதிகளின் பேச்சுக்கு மட்டும் விலக்கு! 2025 ஜனவரியில், அமெரிக்காவுக்கு இனி அது வேண்டாம், எக்ஸ் தளம் போலக் கம்யூனிட்டி நோட்ஸ் போதும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அறிவித்தது. தவறான பதிவுக்குப் பயனர்களே விளக்கக் குறிப்பு எழுதுவார்கள். வழக்கமாக ஒத்துப்போகாத இரு தரப்பினரும் பயனுள்ளது என்று சொன்னால்தான் குறிப்பு வெளியே தெரியும். ஒரு கட்சிக்காரர்கள் கூடி எதிராளியை அமுக்க முடியாது என்பதால் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சூடான அரசியல் பொய்யில்தான் இரு தரப்பும் ஒத்துப்போவதில்லை. அதனால் பெரும்பாலான குறிப்புகள் வெளிச்சத்துக்கே வருவதில்லை, வருபவையும் பதிவு ஊர் சுற்றி முடித்த பிறகே வருகின்றன.

சரிபார்ப்பாளர்களை விட்டுவிட்டுக் குறிப்புகளை மட்டும் பிடித்துக்கொள்வது என்று மெட்டா எடுத்த முடிவில்தான் கோளாறு. நல்ல குறிப்புகள் பலவற்றில் ஆதாரமாகக் கொடுக்கப்படும் இணைப்பு, சம்பளம் வாங்கும் ஒரு சரிபார்ப்பாளரோ நிருபரோ எழுதிய கட்டுரைக்குத்தான் போகிறது.